வெள்ளைச் சுண்டெலிகளுக்கு நான் பார்த்த சம்பந்தம்

எண்பதுகளின் தொடக்கத்தில் புதுச்சேரியில் ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்தில் சுண்டெலிகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். அங்கே உப்பளம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா, "பொண்ணு டாக்டருக்குப் படிக்குது, எலிக்கு" என்பார். மில் தொழிலாளி, கிண்டலில் மட்டும் அவருக்கு ஸ்டிரைக்கே கிடையாது.

ஒரு கோடையில் என் எலிகள் சாக ஆரம்பித்தன. ரோமம் சிலிர்த்து, முதுகு கூனி, விறைத்துப்போகும். அறுத்துப் பார்த்தால் ஈரல் முழுக்க வெளிறிய புள்ளிகள். மாதிரியை வெளியூருக்கு அனுப்பினோம். எலிகளின் ஈரலைத் தாக்கும் ஒரு கொரோனா வைரஸ் என்று பதில் வந்தது. அன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டு யாரும் வாசல் கதவைச் சாத்தவில்லை.

எங்கள் துறைத் தலைவர் என்னைத்தான் முறைத்தார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த மனிதர். பிரெஞ்சில் திட்டினால் சும்மா, தமிழில் திட்டினால் நிஜம். அன்று தமிழில் திட்டினார்.

"கூண்ட ஒழுங்கா கழுவலன்னா சாவாம என்ன பண்ணும்? இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா ஆராய்ச்சிய மூட்டை கட்டிக்கினு வீட்டுக்குப் போம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களிடம் இரண்டு வம்சங்கள் இருந்தன. இரண்டும் வெள்ளை, இரண்டுக்கும் சிவந்த கண். ஒரே தீனி, ஒரே தண்ணீர், இரண்டு கூண்டையும் கழுவியது என் கைதான். ஒரு வம்சம் கொத்துக்கொத்தாகச் செத்தது. பக்கத்துக் கூண்டில் இன்னொன்று ஊறிய கொண்டைக்கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தது. குறை என் கையில் என்றால் அவை மட்டும் எப்படிப் பிழைக்கும்?

இரண்டையும் ஒரே கூண்டில் போட்டேன். பிழைத்த வம்சத்தின் முதுகில் அடையாளத்துக்கு மஞ்சள் நிற பிக்ரிக் அமிலம் தடவி, எல்லாவற்றுக்கும் அந்த வைரஸை ஊசியில் ஏற்றினேன். மஞ்சள் முதுகுகள் பிழைத்தன, மற்றவை செத்தன. தலைவர் எட்டிப் பார்த்து, "அமிலம் தடவினதால பொழச்சிருக்கும்" என்றார். மனுஷன் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டார். மறுமுறை, சாகிற வம்சத்துக்குத் தடவினேன். அவை மஞ்சள் முதுகோடு செத்தன. அவர் விறுவிறுவென்று தன் அறைக்குப் போய்விட்டார். கையெல்லாம் மஞ்சளாக, சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

ஆனால் இது பிறப்பிலேயே வருகிற குணம் என்று காட்ட வேண்டுமே. தாங்குகிற வம்சத்து ஆண்களுக்கும் சாகிற வம்சத்துப் பெண்களுக்கும் சம்பந்தம் செய்துவைத்தேன். "எலிக்கெல்லாம் மாப்ள பாத்துட்ட, உனக்கு எப்ப?" என்றார் அப்பா. பிறந்த கலப்புக் குட்டிகளில் பாதியை ஒதுக்கிவைத்து, மீதிக்கு வளர்ந்ததும் ஊசி போட்டேன். ஊசி போட்டதில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

"பரம்பரைன்னா அப்பன் தெம்பு கொஞ்சமாச்சும் வந்திருக்கணுமே? முடிஞ்சிது உன் கதை" என்றார் தலைவர்.

"முடியல சார். சாவுற குணம் மேல நிக்குது, தாங்குற குணம் அடியில ஒளிஞ்சிருக்குது. கலப்பு தன் குட்டிக்கு ரெண்டுல ஒண்ணத்தான் குடுக்கும். ஊசி போடாத கலப்புங்களுக்கு மறுபடி தாங்குற வம்சத்துலியே சம்பந்தம் பண்ணா, அதுங்க குட்டிங்கள்ல பாதி பொழைக்கும்."

"பொழைக்கலன்னா?"

"நானே கெளம்பிடறேன் சார்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, குட்டிகள் பிறந்து வளரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாமே செத்துவிட்டால் என் இத்தனை வருஷப் படிப்பும் போச்சு. எல்லாமே பிழைத்துவிட்டாலும் போச்சு. பயத்தோடுதான் ஊசி போட்டேன்.

சில நாள் கழித்து ஒரு காலையில் கூண்டு அறையைத் திறந்தேன். கூண்டுக்குக் கூண்டு சில விறைத்துக் கிடந்தன. சில கம்பியில் தொங்கிக்கொண்டு தீனி கேட்டன. எண்ணினேன். நம்பாமல் மறுபடி எண்ணினேன். ஒன்றிரண்டு முன்னே பின்னே, பாதி. என்னையறியாமல் கத்திவிட்டேன்.

தலைவர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "என்னம்மா, எல்லாம் செத்துதா?"

"பாதி சார்! பாதிதான் செத்துது!"

அவரே குனிந்து கூண்டு கூண்டாக எண்ணினார். நிமிர்ந்தவர் நேராக வெளியே ஓடினார். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த வேறு துறைக்காரரைச் சட்டையைப் பிடிக்காத குறையாக உள்ளே இழுத்து வந்தார்.

"வந்து பாருய்யா. எங்க பொண்ணு சொன்ன மாதிரியே செத்திருக்குது. சொன்ன மாதிரியே பொழச்சிருக்குது."