வாசற்படிக்கு வைத்த எலுமிச்சம்பழம்

விழுப்புரத்தில் வீடு கட்டியபோது வாசற்படிக்கு வெள்ளை மார்பிள்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். வீடு முழுக்கப் போடக் கட்டுப்படியாகாது. வருகிறவர்கள் முதலில் பார்ப்பது படியைத்தானே, அது பளபளத்தால் உள்ளே கிடக்கிற சாதா டைல்ஸை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

நினைத்தது பலித்தது. கிரகப்பிரவேசத்துக்குத் திண்டிவனத்திலிருந்து வந்த என் நாத்தனார் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். "யப்பா! இன்னா அண்ணி இது, மொகம் தெரியுது! இதுமேல எப்படி கால வெக்கிறது?" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாத்தனார் என்றாலே ஆகாது என்பார்கள். எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி அவள்தான். மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வந்துவிடுவாள், அவள் வீட்டு மரத்து எலுமிச்சம்பழம் ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். கல்லுக்கே கண்ணடி பட்டால் என்ன செய்வது? அமாவாசையன்று ஒரு பழத்தை இரண்டாக நறுக்கி, குங்குமம் தடவி, லேசாகப் பிழிந்து படியின் இரண்டு ஓரத்திலும் வைத்தேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் பழம் இருந்த இடம் வட்டமாக மங்கிப்போயிருந்தது. எவ்வளவு துடைத்தும் போகவில்லை.

வேறு யாராவது இருந்தால் பழத்தைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான், "ஐயோ, கண்ணு பட்டுடுச்சே!" என்று அந்த வெள்ளிக்கிழமையே இரண்டு பழமாக வைத்தேன். வட்டம் கூடக் கூடப் பழம் கூடியது, பழம் கூடக் கூட வட்டம் கூடியது. விளக்குத் துலக்குகிற புளியை வைத்துத் தேய்த்தும் பார்த்தேன். தனித்தனியாக இருந்த வட்டங்கள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

அப்புறம்தான் என் கணவர் களத்தில் இறங்கினார். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைக் கொண்டுவந்து ஊற்றினார். படி புஸ்ஸென்று பொங்கியது.

"பாத்தியா, எவ்ளோ அழுக்கு!" என்றார்.

"அழுக்கு இல்லீங்க, திருஷ்டி," என்றேன்.

இரண்டு பேரும் இருமிக்கொண்டே வேடிக்கை பார்த்தோம். அவர் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

யார் கண் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பால்காரர் படியைப் பார்ப்பதே இல்லை. எதிர்வீட்டுப் பெரியவருக்குக் கண்புரை. வாய்விட்டுச் சொன்னவள் ஒருத்திதான். அதற்குப் பிறகு நாத்தனார் போன் செய்தால், "பெயிண்ட் வேலை நடக்குது", "முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில ஒருத்தர பாக்கப் போறேன்" என்று எதையாவது சொல்லி அவளை வரவிடாமல் செய்தேன். இப்படி மூன்று மாதம் ஓடியது. அவள் வராவிட்டாலும், திண்டிவனத்திலிருந்து என் கணவரின் பள்ளிக்கூடத்துக்கு வருகிற இன்னொரு வாத்தியார் கையில் பழத்தைக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு அவள் மரத்துப் பழத்தையே நறுக்கி வைத்தேன். வெட்கமாக இல்லையா என்று கேட்டால், அப்போது இல்லை.

படி சொறி பிடித்த மாதிரி ஆன பிறகு, கிளியனூர்ப் பக்கத்திலிருந்து மார்பிள் பாலிஷ் போடுகிறவரைக் கூப்பிட்டோம். அவர் குந்தி உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னாமா ஊத்துனீங்க? கறையா இருந்தா வழவழன்னு இருக்கும். இது கல்லையே அரிச்சிருக்குது, சொரசொரங்குது பாருங்க."

நான் பழத்தைச் சொன்னேன். புளியைச் சொன்னேன். ஆசிட்டைச் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"புளிக்கிறது எதுவுமே மார்பிளுக்கு ஆவாதுமா. மண்ணு இல்லாம பெருக்கிட்டு, தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டு, மெத்துனு துணியில தொடைங்க. அதுலயும் எலுமிச்சம்பழம் படம் போட்டது வேணாம். அப்பறம் நல்ல தண்ணியில தொடச்சி, ஈரம் இல்லாம பண்ணிடுங்க. ஆசிட்டு ஊத்துன எடத்துல பிளீச்சிங் பவுடர போட்டுடாதீங்க, மூச்சு அடைச்சிக்கும்."

என் கணவர் கையிலிருந்த பிளீச்சிங் பவுடர் பாக்கெட்டை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"சுண்ணாம்புக் கல்லுல ஆசிட்டு பட்டா பொங்கும். சாருக்குத் தெரியாததா?" என்றார் பாலிஷ்காரர். வருஷா வருஷம் மார்பிள் துண்டைக் கண்ணாடிக் குவளையில் போட்டுப் பிள்ளைகளுக்குப் பொங்க வைத்துக் காட்டுகிற சாருக்கு, அந்த நிமிஷம் பார்த்து ஒரு போன் வந்தது.

அரை நாள் மிஷின் ஓடியது. படிக்குப் பழைய முகம் திரும்பியது. அதன் மேல் தண்ணீர் இறங்காமல் இருக்க எதையோ பூசிவிட்டு, "தண்ணி சொட்டு விட்டுப் பாருங்க. உள்ள உறிஞ்சிக்கினா கூப்புடுங்க, மறுபடி பூசறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. மறுநாளே ஸ்வீட் வாங்கிக்கொண்டு திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினேன். நாத்தனார் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன்.

"அப்போ எம் பழத்த வெச்சே எங் கண்ண கழிச்சீங்களா அண்ணி?" என்று கேட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். "தப்புதான்டி, மன்னிச்சுடு," என்றேன். "வுடுங்க அண்ணி," என்றாள். அதோடு முடிந்தது என்று நிம்மதியாக ஊர் திரும்பினேன்.

அடுத்த வாரம் அவள் வந்தாள். படியைத் துடைத்து, ஈரம் போகத் தேய்த்து, கதவருகே காத்துக்கொண்டு நின்றேன். பழையபடி, மொகம் தெரியுது என்று ஒரு தடவை சொல்லிவிடமாட்டாளா என்று இருந்தது. அவள் செருப்பைக் கழற்றினாள். நேராக என் முகத்தையே பார்த்துக்கொண்டு, குனியாமல் படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"ஏய், படி எப்படி இருக்குதுன்னு பாரேன்," என்றேன். கெஞ்சலாகவே கேட்டேன்.

திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

"படி இருக்குது, அண்ணி."

சொல்லிவிட்டுப் பையை என் கையில் கொடுத்தாள். பிரித்துப் பார்த்தேன். மல்லாட்டைதான் இருந்தது.