தகரக் கதவுல விழுந்த பந்து

எனக்குக் கோவம் சட்டுன்னு வரும். எங்க எஸ்டேட் லயத்து வீடுகள்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அந்தக் கோவத்துலதான் பக்கத்து வீட்டு மதினிகூட ஈஸ்டர் கழிஞ்ச வாரத்துல இருந்து பேச்சுவார்த்தை இல்லாமப் போச்சு. எல்லாம் மூணாறு டவுன்ல வாங்குன ஒரு ரப்பர் பந்தால வந்தது.

எம்மகளுக்கு எட்டு வயசு. பள்ளிக்கூடம் லீவு விட்டுட்டா அவளைப் பாத்துக்க ஆள் கிடையாது. அவ அப்பா திருப்பூர்ல வேலையா இருக்காரு. எனக்குக் கொழுந்து எடுக்குற வேலை, லயத்துக்கு நேர் கீழ இருக்குற தேயிலைக் காட்டுல. அங்க போனுக்கு டவர் கெடைக்காது. சிறுத்தை நடமாட்டம் வேற. புள்ளை எங்கயும் போகாம வாசல்லயே இருக்காளான்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் அந்தப் பந்து. "நம்ம தகரக் கதவுல எறிஞ்சு எறிஞ்சு வெளையாடு. அம்மாவுக்குக் கீழ வரைக்கும் கேக்கும். சத்தம் நின்னா ஓடி வந்துருவேன்"னு சொல்லிட்டுப் போனேன்.

அவ ஒத்தையில என்னென்னமோ ஆட்டம் கண்டுபிடிச்சா. எறிஞ்ச பந்து திரும்பி வர்றதுக்குள்ள ஒரு தட்டு கை தட்டணும். அப்புறம் ரெண்டு தட்டு. அது முடிஞ்சா முதுகுக்குப் பின்னால தட்டு. கடைசில ஒரு முழுச் சுத்து சுத்திட்டு, பந்து தரையில ஒருக்கா குதிச்சு எழும்பும்போது புடிக்கணும். தவறவிட்டா மொதல்ல இருந்து. கீழ குனிஞ்சு கத்தரியால கொழுந்து வெட்டிக்கிட்டே அவ எந்த ஆட்டத்துல இருக்கான்னு நான் சொல்லிருவேன். டொம் டொம்னு நெருக்கமா விழுந்தா ஒத்தத் தட்டு. நடுவுல மூச்சு வாங்குன மாதிரி இடைவெளி விட்டா சுத்து. அதைக் கேட்டுக்கிட்டே வேலை பாத்தா எனக்கு இடுப்பு வலி கூடத் தெரியாது.

மதினி என்னைவிட மூத்தவங்க. தோள்பட்டை புடிச்சுக்கிட்டு வலது கையைத் தூக்க முடியாம வேலைக்குப் போகாம இருந்தாங்க. பகல்ல லயத்துல இருக்குற பெரியாளு அவுங்க ஒருத்தர்தான். ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவரு. ஒரு நாள் சாயங்காலம் நான் வந்து கூடையை எறக்கக்கூட இல்ல, "பகல் பூரா என் மண்டையில அடிக்கிற மாதிரி இருக்கு, நிறுத்தச் சொல்லு"ன்னாங்க.

"நிறுத்துனா எம்புள்ளை இருக்காளா இல்லையான்னு எனக்கு யாரு சொல்லுவா? முடியலன்னா காதுல பஞ்சை வச்சுக்கோங்க"ன்னுட்டேன். அதோட சரி. மாதா கோயில்ல ஒரே பெஞ்சுல உக்காந்தாலும் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பிக்குவோம்.

அப்புறம் ஒரு நாள், சோத்து நேரத்துக்கு முன்னால, சத்தம் நின்னு போச்சு. பந்து உருண்டு ஓடியிருக்கும், எடுத்துட்டு வருவான்னு நெனச்சேன். கத்தரியை நிறுத்திட்டுக் காது குடுத்துப் பாத்தேன். ஒண்ணையும் காணோம். சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டு மேல ஏறலாம்னு திரும்புறேன், டொம்முன்னு விழுந்துச்சு. அப்பாடான்னு மறுபடி குனிஞ்சேன்.

ஆனா மனசு ஒப்பல. தட்டும் இல்ல, சுத்தும் இல்ல. ஒண்ணு விழும், ரொம்ப நேரம் கழிச்சு இன்னொண்ணு விழும். இது எம்மக கை இல்லவே இல்ல. கத்தரியைப் போட்ட எடத்துல போட்டுட்டு மேட்டுல ஏறி ஓடினேன்.

எங்க வாசல்ல மதினி ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தாங்க. இடது கையால பந்தைக் கதவுல எறியுறாங்க. திரும்பி வர்றதைப் புடிக்க வரல. எந்திரிச்சுப் போயிப் பொறுக்கிட்டு வந்து, உக்காந்து, திரும்ப எறியுறாங்க.

"எம்புள்ளை எங்க?"ன்னு கத்துனேன். திரும்பிக்கூடப் பாக்கல. கிட்டப் போயிக் கையைத் தொட்டேன். அப்பத்தான் பாத்தேன், ரெண்டு காதுலயும் பஞ்சு.

ஒரு காதுப் பஞ்சை எடுத்துட்டு மெதுவாச் சொன்னாங்க. "கத்தாத. புள்ளைக்குக் காச்சல். வாசல்லயே சுருண்டு உக்காந்திருந்தா. எங்க வீட்டுல படுக்க வச்சு நெத்தியில துணி போட்டிருக்கேன், நல்லாத் தூங்குறா. சத்தம் நின்னா கீழ நீ பதறிருவேல்ல."

எட்டிப் பாத்தேன். மதினியோட கம்பளிக்குள்ள எம்மக வாயைத் தொறந்துக்கிட்டுத் தூங்குறா. மாதாவே, அந்த நேரத்துல எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்ல. மண்டையில அடிக்கிற மாதிரி இருக்குன்னு சொன்ன சத்தத்தை, அந்த மனுசி தன் கையாலயே எனக்காகப் போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க.

"மதினி, நீங்க நல்லா இருக்கணும்"னேன். புள்ளை முழிச்சிரக் கூடாதுன்னு ரொம்ப மெதுவாத்தான் சொன்னேன்.

"என்ன சொன்ன?"ன்னு கேட்டுக்கிட்டே மதினி இன்னொரு காதுல இருந்த பஞ்சையும் எடுத்தாங்க.