தொட்டதற்கு ஒரு விளக்கம்

கேரள எல்லையில், காரோடு என்ற ஊருக்குப் பக்கம் கடலோரத்தில் இருக்கும் ஒரு பெரிய ரிசார்ட்டில், ஜிம்மைச் சுத்தம் செய்வது என் வேலை. கருவிகளைத் துடைக்கலாம்; தூக்கிப் பார்க்கக் கூடாது. ஆறு வருடம் நானும் அதற்கு அடங்கித்தான் இருந்தேன்.

ஒரு நாள் காலை, பெஞ்சில் தனியாகப் படுத்து எடை தூக்கிய விருந்தாளியால் கம்பியை மேலே ஏற்ற முடியவில்லை. அது நெஞ்சை அழுத்த, அவர் கண்கள் பிதுங்கின. எங்கள் ஊரில் தலைச்சுமையோடு வருகிறவர், "ஒரு கை பிடி மக்கா" என்றால், யார் எவர் என்று கேட்காமல் இறக்கிவிடுவோம். அந்தப் பழக்கம்தான். துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய், கம்பியைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

மேனேஜர் வந்தார். "கெஸ்ட்டுக்க சாதனத்துல கை வச்சதுக்கு விளக்கம் எழுதித் தரணும்."

"அவரு மூச்சு போறது வரைக்கும் நான் பாத்துட்டு நிக்கணுமாக்கும்?"

"ரூல் உண்டுல்லா அக்கா."

என் கைகளுக்கு இவ்வளவு பலம் உண்டென்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. மறுநாள் முதல், விருந்தாளிகள் சாப்பிடப் போனதும் அதே பெஞ்சில் படுத்துப் பத்து முறை தூக்குகிறேன்.

மேனேஜர் கேட்ட கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை. அவர் களியக்காவிளைக்காரர், தமிழ் நன்றாக வாசிப்பார். இதுவரை எழுதியதுதான் அந்தக் கடிதம்.