ஒன்பது விடியல்களை எடுத்த நாள்

இது நடந்தது. எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை. நடுராத்திரி, நாய் ஊளை, வெள்ளை உருவம் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் ஏமாந்து போவீர்கள். பட்டப்பகலில், நாற்பது பேர் சுற்றி நின்று டீ குடித்துக்கொண்டிருக்கும்போது நடந்தது. அதனால்தான் எனக்கு ராத்திரியைவிடப் பகல் பயமாக இருக்கிறது.

நான் சினிமாவில் கண்டின்யூட்டி பார்ப்பவள். பதினாறு வருடமாக அதே வேலை. இன்று எடுத்த ஷாட்டில் கதாநாயகன் இடது கையில் டம்ளர் பிடித்திருந்தால், நான்கு நாள் கழித்து எடுக்கிற அடுத்த ஷாட்டிலும் இடது கையில்தான் பிடித்திருக்க வேண்டும். அதை போட்டோ எடுத்து, நோட்டில் எழுதி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காப்பது என் பிழைப்பு. நான் "மேட்ச் ஆகலை" என்று சொல்லிவிட்டால் டைரக்டரே எதிர்த்துப் பேச மாட்டார். என் முதுகுக்குப் பின்னால் "பூதக்கண்ணாடி வருது" என்பார்கள். நேரில் "அக்கா" என்பார்கள். எனக்கு இரண்டுமே பெருமைதான்.

அது ஒரு கொலைப் படம். சிரிப்புப் படமும்கூட. புதிதாக ஒரு வீட்டுக்குக் குடிவந்த பெண்ணை முகமூடி போட்ட ஒருவன் கொன்றுவிடுகிறான். செத்தவள் கண் விழித்தால் அதே நாள், அதே காலை. மறுபடியும் கொல்கிறான். மறுபடியும் அதே காலை. ஒரு தடவை கத்தி, ஒரு தடவை இஸ்திரிப் பெட்டி, ஒரு தடவை துடைத்த தரையில் அவனே வழுக்கி அவள்மேல் விழுந்து... இப்படி ஒன்பது சாவு, ஒன்பது காலை. கொலைகாரனாக நடித்தவர் நிஜத்தில் ஊசி என்றாலே கண்ணை மூடிக்கொள்ளும் பயந்தாங்கொள்ளி. அவரை எல்லாரும் 'மாஸ்க் அண்ணன்' என்று கூப்பிடுவோம்.

கதாநாயகிக்கு டூப் போட்டவள் என் தங்கை. என்னைவிட எட்டு வயது சின்னவள். கதாநாயகிக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. விழுந்து உருளும்போது விக் கழன்றுவிடும் என்பதால் சொந்த முடியுள்ள பெண்தான் வேண்டும் என்றார் ஃபைட் மாஸ்டர். என் தங்கைக்கு அதே அளவு முடி. நான்தான் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அம்மாவிடம் ஆபீஸ் வேலை என்று பொய் சொன்னதும் நான்தான். அவளுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் அம்மா முகத்தில் நான் விழிக்க முடியாது.

ஒன்பது காலைகளையும் ஒரே நாளில் எடுத்துவிடுவது என்று திட்டம். வாடகைக்கு எடுத்த பழைய மாடி வீடு. மாடியில் படுக்கையறை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மட்டும் ஒரு பெரிய ஷாட். கதாநாயகி படிக்கட்டில் தலைகுப்புற விழுந்து சாகிறாள். விழப்போவது என் தங்கை.

படுக்கையறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, பின்னாலிருந்து விளக்கு போட்டிருந்தார்கள். உள்ளே எப்போதும் விடிகாலைதான். மேசைக் கடிகாரத்தில் பேட்டரி கிடையாது. 6.40 என்று நின்றிருக்கும். உண்மையான நேரம் என் கையில் கட்டிய வாட்சில் மட்டுமே.

ஒவ்வொரு டேக்குக்கு முன்னாலும் நான் பார்க்க வேண்டியவை நான்கு. டம்ளரில் தண்ணீர், பாதிக்குக் கொஞ்சம் மேலே. தரையில் செருப்பு, இடதுகால் செருப்பு கவிழ்ந்து கிடக்க வேண்டும். போர்வை முனை தரைக்கு நாலு விரல் மேலே. தலையணையில் ஒரு தலை வைத்த பள்ளம்.

9.20. முதல் காலை. ஓகே.

10.05. இரண்டாவது. அதுவும் ஓகே.

10.50. மூன்றாவதுக்கு முன்னால் உள்ளே போனேன். இரண்டு செருப்பும் நேராக இருந்தன. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"யாரு செருப்பைத் தொட்டது?"

"யாரும் உள்ள வரலக்கா. கதவுகிட்டயே நிக்கிறேன்" என்றார் ஆர்ட் அசிஸ்டென்ட்.

அவர் மழுப்புகிறார் என்று நினைத்து, கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.

11.40. நான்காவது. டம்ளரில் தண்ணீர் ஒரு விரல் குறைந்திருந்தது. கதாநாயகியைக் கேட்டேன். "நேத்து ஊத்தின தண்ணிக்கா அது. செத்தாலும் குடிக்க மாட்டேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் டம்ளர் விளிம்பில் உதடு பட்ட ஈரம் இருந்தது.

12.35. ஐந்தாவது. தலையணையில் இரண்டு பள்ளங்கள்.

கதாநாயகி அப்போது கீழே மேக்கப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது பள்ளத்தைத் தட்டிச் சரிசெய்யக் கை வைத்தேன். சூடாக இருந்தது... அப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி.

1.10-க்கு சாப்பாட்டு இடைவேளை. எல்லாரும் கீழே போய்விட்டார்கள். நான் மட்டும் அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கேமராவில் காலையில் எடுத்த போட்டோக்களைத் திருப்பிப் பார்த்தேன். யார் எப்போது கைவைத்தார்கள் என்று கண்டுபிடித்து, நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்ற ஆத்திரம்.

முதல் போட்டோ. 9.20. செருப்பு இரண்டும் நேராக. தண்ணீர் ஒரு விரல் குறைவாக. தலையணையில் இரண்டு பள்ளங்கள்.

இரண்டாவது போட்டோ. அதுவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

அவசரமாக நோட்டைப் பிரித்தேன். 'செருப்பு இரண்டும் நேர்' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. கீழே நான் வழக்கமாகப் போடும் இரட்டைக் கோடு. அறையில் தப்பில்லை, தப்பு என் ஞாபகத்தில்தான் என்று என் நோட்டே சொன்னது. என் தொழிலில் இருப்பவளுக்கு இதைவிடப் பெரிய பேய் கிடையாது.

அப்போது கேட்டது.

சரக்... சரக்... சரக்...

காகிதத்தில் யாரோ எழுதும் சத்தம். எனக்குப் பின்னால். திரும்பினேன். கட்டில், மேசை, 6.40. வேறொன்றும் இல்லை. மணி 1.25.

கீழே ஓடிப்போய்த் தங்கையிடம் சொன்னேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"நேத்து தூங்கினியாக்கா?"

"விளையாடாதடி."

"ஒரே ரூமை ஒம்பது தடவ பாத்தா யாருக்கும் தலை சுத்தும். சாப்பிடு."

சாப்பிடாமலே மேலே போனேன்.

2.15. ஆறாவது காலை. டைரக்டர் ஆக்‌ஷன் சொன்னார். அமைதி. கதாநாயகி கண் விழிக்க வேண்டிய நேரத்தில் சவுண்ட் எடுப்பவர் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"யாருங்க எழுதறது? டேக்ல எழுதாதீங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் பேனா மூடியபடி காதில் செருகியிருந்தது.

4.05. ஒன்பதாவது காலையும் முடிந்தது. கைதட்டினார்கள். படிக்கட்டு ஷாட்டுக்காக நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன்.

அந்தப் பக்கம் ஏற்கெனவே எழுதியிருந்தது.

'படிக்கட்டு. மாலை 4.52. டூப். நீலச் சட்டை, மேல் பொத்தான் போட்டது. முடி விரிந்து மூன்றாம் படிவரை. வலது கை உடம்புக்கு அடியில். வாயோரம் ரத்தம், இடது பக்கம். கண் திறந்திருக்கு. மேட்ச் ஆகுது. ஓகே.'

என் கையெழுத்து. இரட்டைக் கோடு.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஷாட் ஐந்து மணிக்குத்தானே, 4.52 எப்படி வரும் என்று அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 4.31-க்கு உதவி டைரக்டர் கத்தினார். "வெளிச்சம் போகுது. படிக்கட்டு ஷாட் முன்னாடியே போறோம். நாலு அம்பதுக்கு எல்லாரும் ரெடி."

மாஸ்டரிடம் ஓடினேன்.

"நானே மூணு தடவ உருண்டு பாத்துட்டேன்மா. படில ரப்பர் போட்டிருக்கு, கீழ மெத்தை இருக்கு. நம்ம பொண்ணு. விட்டுடுவேனா?"

டைரக்டரிடம் ஓடினேன். பதினாறு வருட வேலையில் முதல் தடவையாகப் பொய் சொன்னேன்.

"சட்டை மேட்ச் ஆகலை. எடுக்க முடியாது."

அவர் போட்டோவை வாங்கிப் பார்த்தார். "ஆகுதேக்கா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

தங்கை படிக்கட்டின் உச்சியில் நின்று முடியைப் பிரித்து விட்டுக்கொண்டிருந்தாள். நீலச் சட்டை. மேல் பொத்தானை அப்போதுதான் போட்டாள்.

"இறங்கி வாடி. வீட்டுக்குப் போலாம்."

"என் மொத பெரிய ஷாட்டுக்கா. கெடுக்காத."

4.44.

உடை மேசையில் துணி வெட்டும் கத்தரிக்கோல் இருந்தது. பக்கத்தில் மாஸ்க் அண்ணன், முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் கத்தரிக்கோலை எடுத்ததைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். டீயைக் கீழே போட்டுவிட்டு மேசைக்கு அடியில் போய்விட்டார். கொலைகாரன் ஒளிகிறான் என்று யாரோ சிரித்தார்கள்.

பதினான்கு படி ஏறினேன். அவள் முடியைக் கையில் சுற்றிப் பிடித்தேன்.

கிரிச்.

அடர்த்தியான முடி. ஒரு தடவையில் அறுபடவில்லை.

கிரிச்... கிரிச்...

கழுத்தோடு வெட்டினேன். 4.47.

தங்கை கையைப் பின்னால் கொண்டுபோய்க் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை.

"ஏன்க்கா?"

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டைரக்டர் கத்தியது எதுவும் என் காதில் ஏறவில்லை. முடியைப் பிடித்தபடியே இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தேன். வாட்சைப் பார்த்தேன்.

4.50.

4.51.

4.52...

மேலே, எனக்குப் பின்னால், யாரும் இல்லாத படியில்...

தட்.

தட்... தட்...

தட் தட் தட்...

உருண்டு வந்தது. ஒவ்வொரு படியாக. என் முதுகுக்கு நேர் பின்னால் வந்து நின்றது.

திரும்பவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

கழுத்தில் மூச்சு பட்டது. ஒரே ஒரு தடவை.

பிறகு அதுவும் இல்லை.

4.53.

வேறு யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

அன்றே என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். படிக்கட்டு ஷாட்டையே கைவிட்டு, அலமாரி சாய்ந்து அவள் சாவதாகக் கதையை மாற்றிக்கொண்டார்கள். தங்கை அம்மாவிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். அதன் பிறகு இருவரும் என்னோடு பேசவில்லை. எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் காலையில் அவள் கோபத்தில் பாத்திரத்தை டமால் என்று வைக்கும் சத்தம் கேட்கும்போது, உயிரோடுதானே இருக்கிறாள் என்று மனது ஆறிவிடும்.

மூன்று வாரம் கழித்து எடிட்டர் போன் செய்தார். நல்ல பையன், என்னிடம் மரியாதை உள்ளவன்.

"அக்கா, படிக்கட்டு ஷாட் எடுக்கவே இல்லன்னு சொன்னாங்க. இங்க ஒரு கேமரா கார்டு இருக்கு. நீங்க கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

போனேன். காலை 11.15. எடிட்டிங் அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

படிக்கட்டு ஷாட். கிளாப் பலகையில் அந்தத் தேதி, டேக் ஒன்று. உச்சியில் என் தங்கை, நீலச் சட்டை, இடுப்புக்குக் கீழே முடி. விழுகிறாள். ஆறாவது படியில் கைப்பிடி முனையில் கழுத்து அடிபடுகிறது. எழுந்திருக்கவில்லை. நான் அலறிக்கொண்டு ஓடிவந்து அவளை மடியில் போட்டுக்கொள்கிறேன். அதோடு ஷாட் கட் ஆகிறது.

அடுத்தது. கிளாப்பில் மறுபடியும் டேக் ஒன்று. மறுபடியும் விழுகிறாள். மறுபடியும் அலறுகிறேன்.

மொத்தம் இருபத்து மூன்று இருந்தன. எல்லாவற்றிலும் டேக் ஒன்று.

நான்காவதில் மாஸ்டரின் சட்டையைப் பிடித்து உலுக்குகிறேன்.

ஒன்பதாவதில் ஓடவில்லை. நடந்து வருகிறேன்.

பதினைந்தாவதில் அவளைத் தொடுவதற்கு முன்னால் போட்டோ எடுக்கிறேன்.

இருபதாவதில் குனிந்து, அவள் முகத்தில் கிடந்த முடியை ஒதுக்கிவிடுகிறேன். கொஞ்சம் யோசிக்கிறேன். போன டேக்கில் கிடந்த மாதிரியே மறுபடியும் எடுத்து அவள் முகத்தில் போடுகிறேன்.

இருபத்து மூன்றாவதில் என் முகம் நன்றாகத் தெரிகிறது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

திரை கறுத்தது. எதையாவது கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டேன்.

"இருபத்து மூணு தடவதானா?"

அவன் கார்டை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"தெரியலக்கா. கார்டு இதோட நிறைஞ்சுடுச்சு."