நான் தட்டாத வரிகள்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மடிக்கணினியில் வைஃபை வராது என்று தெரிந்தவுடன் நான் செய்த முதல் காரியம், அதை மூடிவிட்டு மறுபடி திறந்தது. இரண்டாவது காரியம், அதை யாரிடமும் சொல்லாமல் இருந்தது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மூடியின் மேல் அம்மா வைத்த சந்தனப்பொட்டு இன்னும் காயவில்லை.

கணினியைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. பாசிர் கூடாங் துறைமுகத்தில் கொள்கலன்களுக்குச் சங்கிலி மாட்டும் வேலை அவருக்கு. மாசாயில் எங்கள் வரிசை வீட்டின் பின்னறையில் தங்கியிருந்தார். கூட்டாளி ஒருவன் பழைய கணினிகளைப் பழுது பார்ப்பவன், அவனிடம் சொல்லி வாங்கியது என்றார். சிங்கப்பூர் ஆபீஸ் மெஷின், அங்கெல்லாம் இதைத்தான் வைத்திருப்பார்கள் என்றும் சொன்னார். திறந்து பார்த்தால் பள்ளியில் பார்த்த ஜன்னல் படம் எங்கேயும் இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைக் கூட்டாளி போட்டுக் கொடுத்திருந்தான். "வைரஸே வராது லா," என்றார் மாமா. வைரஸ் என்ன, இணையமே வராது என்பதை அவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அது கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. பள்ளி பூட்டிக் கிடந்தது. அடுத்த வருடம் விடுதிப் பள்ளியில் சேர்வதற்கான தேர்வை இணையத்திலேயே எழுத வேண்டும் என்று ஆசிரியர் அறிவித்துவிட்டார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. கைபேசியில் அந்தப் பக்கம் திறக்காது, கணினி வேண்டும். எங்கள் வகுப்பில் நான்கு பேரைத்தான் பரிந்துரைத்திருந்தார்கள், அதில் நான் ஒருவன். அம்மா தோட்டத்துப் பள்ளியில் நான்கு வருடம் படித்தவர். கோத்தா திங்கியில் செம்பனை லாரி ஓட்டிய அப்பா அதுவும் இல்லை. மாவட்டம் கடக்க அனுமதியில்லாததால் அவர் அங்கேயே மாட்டிக்கொண்டு, தினமும் சாயங்காலம் போன் செய்து, என்ன, கணினி ஓடுகிறதா என்று மட்டும் கேட்பார். ஓடுகிறது என்று அம்மா சொல்வார். ஓடத்தான் செய்தது.

இணையம் பக்கத்து வீட்டு மலாய் அம்மாவுடையது. மலாயில் அத்தை என்பதற்கு மக்சிக், அப்படித்தான் கூப்பிடுவோம். பரீட்சை முடியும்வரை என் வைஃபையைப் பயன்படுத்திக்கொள் என்று வேலிக்கு மேலாகக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். கைபேசியில் போட்டால் நாலு கோடும் நிறைந்து வந்தது. கணினியில் வைஃபை என்ற சொல்லையே காணோம்.

வியாழக்கிழமை முழுக்க அக்காவின் கைபேசியில் தேடிப் படித்தேன். அக்கா என்னைவிட ஏழு வயது பெரியவள். மின்னணுப் பொருள் செய்யும் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். காலையில் பேருந்தில் வந்து இறங்கி, கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு நாலு மணிவரை தூங்குவாள். டிரைவர் என்று ஒன்று வேண்டும், அதுதான் வைஃபை அட்டையையும் கணினியையும் பேச வைக்கும் நிரல் என்று அதில் படித்தேன். அதை எங்கிருந்து எடுப்பது? இணையத்திலிருந்து. இணையம் வருவதற்கான சாமானை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும் என்பதை மூன்று தடவை படித்தேன். யாரோ விளையாடுகிறார்கள் என்றே நினைத்தேன். மக்சிக் வீட்டிலிருந்து வேலிக்கு மேலாக ஒரு கேபிள் இழுக்கலாமா என்றுகூட யோசித்து, முற்றத்தைக் காலடியால் அளந்து பார்த்தேன்.

கறுப்பாக ஒரு பெட்டி திறக்கும், அதற்கு டெர்மினல் என்று பெயர். அதில் கைபேசியில் கண்ட வரிகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். கணினியின் மூடியில் எந்த நிறுவனத்தின் பெயர் இருந்ததோ அதைப் போட்டுத் தேடி, வந்த வரிகளையெல்லாம் தட்டினேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்படித் தட்டி, மறுபடி திறந்தபோது, படம் இல்லை, எலி அம்பு இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் நின்றது. கணினியைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். இன்னொரு வரியைத் தேடிப் படத்தைத் திரும்பக் கொண்டுவர மூன்று மணிநேரம் ஆனது. அந்த மூன்று மணிநேரமும் அம்மா உள்ளே வரும்போதெல்லாம் மூடியைப் பாதி சாத்தி வைத்தேன்.

அன்று சாயங்காலம் அக்கா எழுந்து வந்து, என் பின்னால் நின்று கொஞ்சநேரம் பார்த்தாள்.

"உள்ள இருக்கிற கார்டு நம்பர் பாத்தியா தம்பி? வெளிய ஒட்டியிருக்கிற பேர நம்பாத. எங்க லைன்ல அத பாக்கவே மாட்டோம்."

வேலைக்குப் போகும் சட்டையில்தான் இருந்தாள். தோளில் 'லைன் 3' என்று தைத்திருந்தது. பலகைகளைச் சோதிக்கும் இடத்தில் அவளுக்கு வேலை என்று தெரியும். அது என்ன வேலை என்று நான் கேட்டதில்லை.

"நீ மூனாம் பாரத்தோட நின்னவ. உனக்கு என்னக்கா தெரியும்?" என்றேன். மூன்றாம் பாரம் என்றால் ஒன்பதாம் வகுப்பு, நான் அப்போது ஆறாம் ஆண்டுகூட முடிக்கவில்லை. என்னைவிட மூன்று வருடம் கூடுதலாகப் படித்தவளிடம் இதைச் சொல்கிறேன் என்ற கணக்கு வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மாமாவோ, பிளக் சொருகுற பொண்ணு எஞ்சினியருக்குப் பாடம் எடுக்குது பாரு என்று சிரித்தார்.

அம்மா சமையலறையிலிருந்தே சொன்னார்: "அவன் வேலைய அவன் பாக்கட்டும். நீ அதத் தொடாத. கெட்டுப்போனா திங்கக்கெழம என்ன பண்றது?"

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பேருந்து வந்தது, போய்விட்டாள்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எனக்குக் காய்ச்சல் மாதிரி ஆகிவிட்டது. கடைசியாகத் தட்டிய வரிக்கும், அப்படி ஒன்று இல்லை என்று பதில் வந்தது. அம்மா மைலோ கலக்கிக் கொடுத்து, போர்த்திப் படுக்க வைத்தார். கணினி திறந்தபடி இருந்தது. கைபேசி அதன் பக்கத்தில்.

சாயங்கால அசர் தொழுகை அழைப்பு கேட்டபோதுதான் விழித்தேன். எழுந்து பார்த்தால் திரையின் மேல் மூலையில் வைஃபை குறி, கோடுகள் நிறைந்து. கண்ணைக் கசக்கினேன். மக்சிக்கின் வைஃபை பெயர் தெரிந்தது. கடவுச்சொல்லைக் கேட்கவில்லை, ஏற்கெனவே உள்ளே இருந்தது. நான் கத்திய கத்தலில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். கடைசியாகத் தட்டிய வரி தாமதமாக வேலை செய்திருக்கிறது என்று அவரிடம் விளக்கினேன். எனக்கே அப்படித்தான் தோன்றியது, அல்லது தோன்றட்டும் என்று விட்டேன். அம்மா சூடம் கொளுத்தினார். மாமா வேலிக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று எங்கள் வரிசை முழுக்கச் சொல்லிவிட்டார். அப்பா போனில், சரிப்பா என்றார். அக்காவுக்குக் கண் சிவந்திருந்தது. தூக்கம் பத்தல என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எப்படிடா பண்ணினே, காட்டு என்றார். எனக்கும் காட்ட ஆசைதான். டெர்மினலில் மேல் அம்பை அழுத்தினால் முன்பு தட்டிய வரிகள், கடைசியாகத் தட்டியது முதலாக, ஒவ்வொன்றாகத் திரும்ப வரும். அதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு அழுத்தினேன்.

வந்தது நான் தட்டிய வரி இல்லை. ஒரு கோப்புறையை அழிக்கச் சொல்லும் கட்டளை. இணையம் வந்த மறுநாளே யாரோ உள்ளே நுழைந்து எங்கள் கணினியில் எதையோ அழித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மறுபடி அழுத்தினேன். ஒரு கோப்பைப் படித்துக் காட்டு. மறுபடி. அதற்குப் பெயர் மாற்று. மறுபடி, மறுபடி. அழித்த கோப்புறையை உண்டாக்கிய வரி வந்தது. அப்போதுதான் அதன் பெயரைக் கவனித்தேன்: 'லைன்3'.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி பாக்குற?" என்றார் மாமா.

ஒன்றுமில்லை என்றேன். விரல் நிற்கவில்லை. இப்படியே முப்பது வரிகள் இருக்கும். அவற்றுக்கெல்லாம் முன்னால், வைஃபையைக் கொண்டுவந்த வரிகள்: டிரைவரை ஏற்றியது, அதற்கு முன் அதை இறக்கியது, அதற்கு முன் இரண்டு தப்பு. எல்லாவற்றுக்கும் முதலாக, அட்டையின் நம்பரைக் கேட்ட வரி. இன்று யோசித்தால், அக்கா தன் கைபேசியையே கேபிளில் செருகி, அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்து டிரைவரை இறக்கியிருக்கிறாள். கைபேசியால் அப்படி முடியும் என்பதே எனக்குத் தெரியாது. மூன்று நாள் அதைக் கையில் வைத்திருந்தவன் நான்.

மாமா எழுந்து போனதும் எனக்கு வந்தது நன்றி இல்லை, பயம். இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? மறுபடி மாமா காட்டச் சொன்னால்? தட்டிய வரிகளையெல்லாம் அழிப்பது எப்படி என்று தேடினேன். தேடியதும் அவளுடைய கைபேசியில்தான். இரண்டு கட்டளைகள். தட்டி முடித்து மேல் அம்பை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை.

"என்ன தம்பி பண்ற?"

அக்கா சீப்போடு நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை.

"ஒன்னுமில்லக்கா. கிளீன் பண்றேன். நாளைக்கு டெஸ்ட்டுக்கு."

அவள் திரையைப் பார்த்தாள். அழித்த கட்டளை அதில் அப்படியே இருந்தது. அவளுக்கு அது புரிந்ததா என்று நான் முகத்தைப் பார்த்தேன்.

"எல்லாம் போச்சா?"

"போச்சு. ஒரு வரிகூட இல்ல."

யாரிடமும் சொல்லமாட்டாள் என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவள் சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டியபடி இன்னும் கொஞ்சம் நின்றாள். பிறகு, நாளைக்கு நல்லா எழுது என்று சொல்லிவிட்டுப் பின்னல் போடப் போனாள்.

எழுதினேன், விடுதிப் பள்ளி கிடைத்தது. கணினியையும் என்னோடு எடுத்துக்கொண்டு போனேன். அது தம்பியுடைய பொருள் என்பதில் யாருக்கும் சந்தேகமே இருக்கவில்லை.

இப்போது டிப்ளோமா முதல் பருவம். போன மாதம் ஆய்வகத்தில் எங்களுக்கு லினக்ஸ் தொடக்கப் பயிற்சித் தாள் ஒன்று கொடுத்தார்கள். கோப்புறை ஒன்றை உண்டாக்கு. அதற்குள் போ. ஒரு கோப்பை எழுது, பெயர் மாற்று, படித்துக் காட்டு, கடைசியில் எல்லாவற்றையும் அழி. ஐந்தாவது வரியில் என் கை நின்றுவிட்டது. அதே வரிசை. புதிதாகக் கற்றுக்கொள்ள உட்காரும் யாருக்கும் முதல் நாள் கொடுக்கும் பாடம் அது.

டிரைவர் வரிகளை எனக்காகத் தட்டினாள் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமையே எனக்குப் புரிந்துவிட்டது. இரவு முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்தவள், வைஃபை வந்த பிறகும் எழுந்து போய்த் தூங்காமல் ஏன் அங்கேயே உட்கார்ந்திருந்தாள் என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.