புறாவுக்குள் நிறம் போகவில்லை

அந்தக் கோடை விடுமுறையில் எனக்கு வந்து சேர வேண்டியவை மூன்று: சித்தப்பா கடையின் சுழல் நாற்காலி, அதில் உட்கார்ந்து கணினியில் படம் வரையக் கற்கும் உரிமை, மாலையில் பக்கத்து பேக்கரியின் முட்டை பஃப்ஸ். மூன்றாவது மட்டும் கிடைத்தது, அதிலும் பாதி. மீதிப் பாதி அக்காவுக்கு.

சித்தப்பா லிங்கராஜபுரத்தில் கல்யாண அட்டைகளும் மாதா கோயில் நோட்டீஸ்களும் அடித்துக் கொடுப்பவர். அக்கா என்றால் தங்கவயல் பெரியப்பாவின் மகள். பி.யு.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்துவிட்டு வந்திருந்தாள். பெரியப்பா வேலை செய்த தங்கச் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று பேச்சு. அதற்குள் இவளுக்கு ஒரு கல்யாணத்தை முடித்துவிடப் பார்த்தார்கள். அதெல்லாம் பெரியவர்கள் விவகாரம். என் விவகாரம், நாற்காலியில் அவளும் பேப்பர் கட்டின் மேல் நானும் உட்கார்ந்திருந்தது.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடிக்கோம்மா," என்று பாதிக் கன்னடத்தில் சமாதானப்படுத்தினார் சித்தப்பா. "அவ கொஞ்ச நாள்தான். நீ இங்கயே கெடக்கப் போறவ."

ஃப்ரீஹேண்ட் என்ற அந்த மென்பொருள் இப்போது வருவதில்லை. அதில் பேனாவை எடுத்து ஓரிடத்தில் சொடுக்கினால் ஒரு புள்ளி, இன்னோரிடத்தில் சொடுக்கினால் நடுவே நேர்கோடு. சொடுக்கியபடியே இழுத்தால் புள்ளிக்கு இருபுறமும் மீசை முளைக்கும். மீசையைத் திருப்பினால் கோடு வளையும். அக்கா முதலில் போட்ட வளைவுகள் உடைந்த வளையல்களாக இருந்தது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் சித்தப்பா சாப்பிடப் போன நேரத்திலும் அவள் எழுந்திருக்கவில்லை. போன கரண்ட் வரும்வரை கூட மௌஸ் மேலேயே கையை வைத்திருந்தாள். என்ன பேராசை என்று நினைத்துக்கொண்டேன்.

மாதா கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைகளின் அட்டைக்கு ஒரு புறா வேண்டியிருந்தது. இருவரையும் வரையச் சொன்னார் சித்தப்பா. என் புறாவின் கழுத்தும் இறக்கையும் அத்தனை அழகு. நீலத்தைத் தேர்ந்தெடுத்தேன், உள்ளே போகவில்லை. மறுபடி தேர்ந்தெடுத்தேன், வெறும் கோடுதான். அக்காவின் புறாவிலோ சாம்பல் நிறம் சொன்னபடி போய் உட்கார்ந்தது.

"கோழியாட்டம் இருந்தாலும் இதுல கலர் நிக்குது பாரு," என்று சிரித்தார் சித்தப்பா. "உன் புறா பட்டினி!"

கணினியும் அவள் பக்கம் சேர்ந்துவிட்டது என்று முடிவு செய்தேன். அக்கா குனிந்து பார்த்தாள்.

"வால்கிட்ட சந்து இருக்குதுடி. ஆரம்பிச்ச புள்ளியிலயே கொண்டாந்து மூடணும். இல்லேன்னா உள்ள ஒண்ணும் நிக்காது."

கடைசிப் புள்ளியை முதல் புள்ளியின் மேல் இழுத்துவிட்டாள். புறா முழுக்க நீலம் நிரம்பியது.

"நானே கண்டுபிடிச்சிருப்பேன்."

"கண்டுபிடிச்சிருப்பே. யாரு இல்லேன்னு சொன்னா?"

என் புறாதான் அச்சுக்குப் போனது. ஆனால் சித்தப்பா, "இவளை இங்கயே வேலைக்கு வெச்சுக்கலாம் போல," என்றார். "நெஜமாவா சித்தப்பா?" என்று அக்கா நாற்காலியோடு திரும்பிவிட்டாள். பெரியப்பாவிடம் கேட்பதாக அவர் சொன்னார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். மாப்பிள்ளை வீட்டில் சம்மதம் சொல்லிவிட்டார்களாம்.

"ஒரு ஆறு மாசம் இங்க இருந்தான்னா, அண்ணா..." என்று ஆரம்பித்தார் சித்தப்பா.

"அவங்க வேலைக்கெல்லாம் அனுப்ப மாட்டாங்களாம்பா. இன்னும் கத்துக்கினு என்ன பண்ணப் போறா?"

அண்ணன் பேச்சுக்கு மேல் பேசிப் பழகாதவர், டீ வாங்கி வரப் போனார். அக்கா அழவில்லை. தான் வரைந்ததையெல்லாம் ஒரு ஃப்ளாப்பியில் போட்டுத் தரும்படி மட்டும் கேட்டாள். சித்தப்பா அவளுக்காகப் புதுப் பெட்டியைப் பிரித்தார். எனக்கு ஒருநாளும் அவர் புது ஃப்ளாப்பி தந்ததில்லை. அக்கா அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் புடவைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு, பெரியப்பாவின் பின்னால் இறங்கிப் போனாள்.

அன்று மாலையே நாற்காலி என்னுடையதாயிற்று. அதில் உட்கார்ந்து சுற்றியபடி அந்த ஃப்ளாப்பியை நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன். அவள் போகப்போகும் வீட்டில் அதைச் செருகிப் பார்க்க ஒரு கணினி இருக்குமா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.