நுரைக்காத கல்லும் ஸ்டெல்லா அக்காவும்

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார் என்று துறையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது, குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். புள்ளலூரில் அடக்கத்துக்குப் போய்வந்தும் எழுத இத்தனை நாளாகிவிட்டது. அவரோடு வேலை பார்த்த நீங்கள் மன்னிப்பீர்கள்.

எங்கள் கல்லூரி நிலவியல் துறையில் அவர் அட்டெண்டர். கனிம அலமாரியைத் துடைத்து அடுக்குவது அவர் வேலை. பேறுகால விடுப்பு முடிந்து நான் பாடம் நடத்தத் திரும்பிய வாரம், செய்முறைத் தேர்வுக்குக் கற்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். நிலவியல் படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: நிறம் தெளியக் கல்லை நாக்கால் நனைத்துப் பார்ப்போம். 'கால்சைட்' (அமிலம் பட்டால் நுரைக்கும் சுண்ணாம்புக் கனிமம்) என்று சீட்டு ஒட்டிய ஒரு மஞ்சள் படிகத்தை வாயருகே கொண்டுபோனேன். அக்கா என் கையைப் பிடித்துவிட்டார்.

"இன்னா மேடம், பால் குடிக்கிற புள்ளய வூட்டுல வச்சிக்கினு கல்ல நக்கப் பாக்குறீங்க? இது கால்சைட்டே இல்ல."

"சீட்டு ஒட்டியிருக்கேக்கா?"

"ஒட்டினவரு பாத்தாரா? தெனம் துடைக்கிறவ நானு. போன வருசம் ஆசிட்டு சிந்திச்சி. பக்கத்துல இருந்த கால்சைட்டு பொங்குச்சி, இது கம்முனு கெடந்துச்சி."

அலமாரியிலிருந்த இன்னொரு கால்சைட்டின் மேல் உரசிப் பார்த்தேன். அது கால்சைட்டைக் கீறியது. கால்சைட்டை விடக் கடினம்; அக்கா சொன்னது சரி. அடமைட்டாக இருக்கலாம்: ஆர்சனிக் என்னும் நஞ்சு கலந்த அரிய துத்தநாகக் கனிமம். துத்தநாகமும் ஆர்சனிக்கும் உள்ள தாதுக்கள் காற்றும் நீரும் பட்டுச் சிதையும்போது, பாறைப் பொந்துகளில் படிகமாக வளர்வது. திங்கட்கிழமை தேர்வில் இதை மாணவர்கள் நாக்கில் வைப்பார்கள்.

சொல்லப் போனபோது துறைத்தலைவர் சிரித்தார். "அட்டெண்டர் சொன்னா லேபிள மாத்திடணுமா?"

"நான் சொல்லல சார், ஆசிட்டு சொல்லுது. ஜன்னல சாத்திட்டு அந்த ஊதா வெளக்க போடுங்க, மிச்சத்த கல்லே சொல்லும்."

புற ஊதா விளக்கடியில் அந்த மங்கல் மஞ்சள் பச்சைப் பசேலென்று எரிந்தது. அடமைட் அப்படித்தான் ஒளிரும். தலைவர் அந்தக் கல்லைத் தேர்வுப் பெட்டியில் சேர்க்காமல் தன் கையாலேயே தனியே எடுத்து வைத்தார். பிறகு சென்னையில் செய்த எக்ஸ்ரே சோதனையும் அடமைட் என்றே உறுதி செய்தது. புதிய சீட்டில் 'கண்டறிந்தவர்: ஸ்டெல்லா' என்று தலைவரே எழுதினார். அக்கா எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிவந்து, முதல் துண்டைத் தலைவரிடம் நீட்டி, "இத தாராளமா நக்கலாம் சார்" என்றார். துறையே சிரிப்பில் அதிர்ந்தது.

எதையும் இரண்டு முறை சரிபார்க்கும் என் பயத்தை வீட்டில் கேலி செய்வார்கள். அக்கா செய்ததில்லை. "பயப்புடுறவங்கதான் மேடம் உத்துப் பாப்பாங்க" என்பார். அந்த வார்த்தையை நான் வைத்துக்கொண்டேன். இப்போது எங்கள் செய்முறை மேசை ஒவ்வொன்றிலும், நாக்குக்குப் பதில் கல்லை நனைக்க ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கிறது. முதல் கிண்ணத்தை வைத்தவர் அவர். இனி நிரப்புவது நான்.